விகிதம், விழுக்காடு: படிவம் 1 பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சறுக்கும் மூன்று கணக்குகள்

மாலை வகுப்பு, சுங்கை சிப்புட்:

வணக்கம். தோட்டத்து மண்டபத்தில் படிவம் 1, 2 (மலேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டு) பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் விழுக்காட்டுக் கணக்கை நன்றாகப் போட்டவர்கள்தான். இடைநிலைப்பள்ளியில் நான்காம் பாடமாக மலாயில் ‘நிஸ்பா, காடார், காடாரான்’ (விகிதம், வீதம், விகிதசமம்) வந்ததும் குழம்புகிறார்கள். விகிதம் கலந்த பிறகு, தெரிந்த விழுக்காடும் தடுமாறுகிறது. கீழே உள்ள மூன்றிலும் பாதிப் பேராவது ஒரே மாதிரித் தப்பு செய்கிறார்கள்.

1) அண்ணனும் தங்கையும் பணத்தை 3:5 என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டார்கள். அண்ணனைவிடத் தங்கைக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) அதிகம். மொத்தப் பணம் எவ்வளவு? (பிள்ளைகள் 24-ஐ 8-ஆல் வகுத்துவிடுகிறார்கள்.)

2) 15% கழிவு போக ஒரு பள்ளிப் பையின் விலை 68 வெள்ளி. பழைய விலை என்ன? (68-க்கு 15% கண்டுபிடித்து, அதைக் கூட்டி 78 வெள்ளி 20 காசு என்கிறார்கள்.)

3) வகுப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 2:3. ஆண்கள் எத்தனை விழுக்காடு? (2 ÷ 3, அதாவது 66.7% என்று எழுதுகிறார்கள்.)

தப்பைக் காட்டினால் உடனே திருத்திவிடுகிறார்கள். அடுத்த வாரம் எண்ணை மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் அதேதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைப்பதா, படம் போடவைப்பதா? மூன்று தப்புக்கும் தனித்தனியாக வழி தேட வேண்டுமா?

கணித ஆசிரியை, ஈப்போ:

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் சார். கொடுத்திருக்கும் எண் எதனுடைய அளவு என்று பார்ப்பதற்குள் கை வகுக்கப் போய்விடுகிறது. முதல் கணக்கில் 24 என்பது வித்தியாசம். பிள்ளை அதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதில் 15% பழைய விலைக்கு உரியது. பிள்ளை புது விலையில் எடுக்கிறது. மூன்றாவதில் 3 என்பது பெண்கள் மட்டும். பிள்ளைக்கு அது முழு வகுப்பாகத் தெரிகிறது. சூத்திரம் இதில் எதையும் தடுக்காது. தப்பான எண்ணைப் போட்டாலும் சூத்திரம் ஒரு விடையைக் கொடுத்துவிடும்.

கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். அண்ணனுக்கு ஒரு வரியில் 3 கட்டம். அதற்கு நேர் கீழே, இடது ஓரம் ஒன்றாக இருக்கும்படி, தங்கைக்கு 5 கட்டம். எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வெறுந்தாளில் வரையச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு வரியையும் ஒரே நீளத்துக்கு இழுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை ஐந்தாகவும் வெட்டிவிடுவார்கள். அந்தப் படத்தில் விகிதமே காணாமல் போய்விடும். அதனால்தான் கட்டத்தாள்.

அடுத்து, கணக்குப் போடாமல் 24 எங்கே உட்காரும் என்று மட்டும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். தங்கையின் வரியில் நீட்டிக்கொண்டிருக்கும் 2 கட்டத்தின் மேல்தான் உட்காரும். 2 கட்டம் 24 என்றால் 1 கட்டம் 12. மொத்தம் 8 கட்டம், 96 வெள்ளி. அண்ணனுக்கு 36, தங்கைக்கு 60. வித்தியாசம் 24, சரியாக இருக்கிறது.

இதோடு விட்டால் அடுத்த வாரம் மறந்துவிடும். அதே விகிதம், அதே 24, ஆனால் நான்கு கேள்வி, ஒரே தாளில் கொடுங்கள்:

மொத்தம் 24 வெள்ளி: 1 கட்டம் 3. அண்ணனுக்கு 9, தங்கைக்கு 15.
தங்கைக்கு 24 வெள்ளி அதிகம்: 1 கட்டம் 12. அண்ணனுக்கு 36, தங்கைக்கு 60.
அண்ணனுக்கு 24 வெள்ளி: 1 கட்டம் 8. தங்கைக்கு 40.
தங்கைக்கு 24 வெள்ளி: 1 கட்டம் 4 வெள்ளி 80 காசு. அண்ணனுக்கு 14 வெள்ளி 40 காசு.

எண் மாறாமல் விடை மட்டும் மாறும்போதுதான் பிள்ளைகள் கேள்வியைத் திரும்பப் படிக்கிறார்கள். இந்த ஒரு தாளுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கலாம். அதற்கு முன்னால் இருபது கணக்கு வேகமாகப் போட்டும் பயனில்லை.

மூன்றாவது கணக்கும் இதே படம்தான். ஆண்கள் 2 கட்டம், பெண்கள் 3 கட்டம், வகுப்பு 5 கட்டம். 5 கட்டம் 100% என்றால் 1 கட்டம் 20%. ஆண்கள் 40%, பெண்கள் 60%. 2/3 என்று எழுதியது முழுத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். ஆண்கள் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கு என்பது உண்மைதான். கேட்ட கேள்விக்குத்தான் அது விடை இல்லை. வெறும் சிவப்புக் கோடு போட்டால், விகிதத்தைப் பின்னமாக எழுதவே கூடாது என்று பிள்ளை புரிந்துகொள்ளும். படிவம் 2, 3-இல் அது பெரிய தொல்லை.

இன்னொரு பழக்கத்தையும் சோதித்துப் பாருங்கள். 1 குவளை சிராப்புக்கு 4 குவளை தண்ணீர். இரண்டிலும் இன்னும் ஒரு குவளை சேர்த்தால் இனிப்பு மாறுமா என்று கேளுங்கள். “இரண்டு பக்கமும் ஒன்றுதானே கூடியது, மாறாது” என்று பலர் சொல்வார்கள். 1:4-இல் சிராப் 5-இல் 1 பங்கு, அதாவது 20%. 2:5-இல் 7-இல் 2 பங்கு, கிட்டத்தட்ட 28.6%. கலக்கிக் குடிக்கவைத்தே காட்டலாம். விகிதம் மாறாமல் இருக்க இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும், ஒரே எண்ணைக் கூட்டினால் போதாது என்பது இங்கேதான் பதியும்.

குறுக்குப் பெருக்கலைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். எண்களை இடம் மாற்றி எழுதினாலும் அது தடங்கல் இல்லாமல் ஓடும். தப்பு எங்கே நுழைந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது.

அலகு: 250 கிராமுக்கும் 1.5 கிலோவுக்கும் உள்ள விகிதம் 250:1500, சுருக்கினால் 1:6. அலகை ஒன்றாக்காமல் 250:1.5 என்று எழுதும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். முதல் வரியில் அலகை மாற்றி எழுதுவதைக் கட்டாயமாக்கினால் போதும்.

தோட்ட ஆபீஸ் கிராணி, கோலக் கெட்டில்:

டீச்சர் விகிதத்தைச் சொல்லிவிட்டார். நான் விழுக்காட்டுப் பக்கம் வருகிறேன். சம்பளக் கணக்கில் தினமும் புழங்குவது அதுதான். பிள்ளைகளின் வீட்டிலும் சம்பளச் சீட்டு இருக்கும்.

விழுக்காடு என்று எங்கே பார்த்தாலும் பக்கத்தில் ‘எதில்?’ என்று எழுதி, பதிலையும் எழுதவையுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். பள்ளிப் பை கணக்கில் ‘15%, பழைய விலையில்’ என்று எழுதிவிட்டால், பழைய விலைதான் 100 என்பது தெரிந்துவிடும். கழிவு போக மிச்சம் 85. அந்த 85 பங்குதான் 68 வெள்ளி. 1 பங்கு 68 ÷ 85, அதாவது 80 காசு. 100 பங்கு 80 வெள்ளி. சரிபார்க்க: 80-இல் 15% 12 வெள்ளி, போக 68. இனி பிள்ளைகள் சொன்ன 78 வெள்ளி 20 காசையும் அதே மாதிரிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதில் 15% 11 வெள்ளி 73 காசு. போக 66 வெள்ளி 47 காசுதான் வருகிறது, 68 வரவில்லை. தன் விடையைத் தானே உடைத்துப் பார்த்த பிள்ளை எளிதில் மறக்காது.

சம்பளம் கூடியதை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளி ஆனது. எத்தனை விழுக்காடு கூடியது? கூடியது 200. எதில்? பழைய 1,500-இல். 200 ÷ 1,500 × 100, ஏறக்குறைய 13.3%. 1,700-ஆல் வகுக்கும் பிள்ளைக்கு 11.8% வரும். அந்த 11.8% வேறொரு கேள்விக்குச் சரியான விடை: 1,700-லிருந்து 1,500-க்கு இறங்கினால் எத்தனை விழுக்காடு குறைவு? இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். ஏறியதும் இறங்கியதும் அதே 200 வெள்ளி, விழுக்காடு மட்டும் வேறு.

இரண்டு விழுக்காட்டைக் கூட்டலாமா கூடாதா என்பதில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். 60 வயதுக்குக் கீழுள்ள குடிமக்களின் ஊழியர் சேமநிதிக்கு, சம்பளம் 5,000 வெள்ளி வரை, தொழிலாளி 11%, முதலாளி 13%. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 187, முதலாளியின் பங்கு 221. மொத்தம் 408, அது 1,700-இல் சரியாக 24%. இங்கே 11-ஐயும் 13-ஐயும் கூட்டலாம், ஏனென்றால் இரண்டும் அதே 1,700-இல் கணக்கிடப்பட்டவை.

கடையில் ‘20% கழிவு, அதற்கு மேல் இன்னும் 10% கழிவு’ என்று போட்டிருந்தால் கூட்டக் கூடாது. 100 வெள்ளிப் பொருள் முதல் கழிவில் 80 ஆகிறது. இரண்டாவது 10% அந்த 80-இல் எடுப்பது, 8 வெள்ளி. கட்ட வேண்டியது 72. மொத்தக் கழிவு 28%. ‘எதில்?’ என்று எழுதும் பழக்கம் இருந்தால், முதல் வரியில் ‘100-இல்’, இரண்டாவது வரியில் ‘80-இல்’ என்று வந்து நிற்கும். அடிப்படை இரண்டும் வேறு என்பது கண்ணுக்கே தெரியும்.

படிவம் 2 பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. ஒரு ஆலையில் செம்பனைக் குலையின் எடையில் 20% எண்ணெய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 டன் குலைக்கு 1,600 கிலோ எண்ணெய். இந்த 20% 19% ஆக இறங்கினால் எண்ணெய் எத்தனை விழுக்காடு குறையும்? எல்லாரும் 1% என்பார்கள். 8 டன்னில் 19% 1,520 கிலோ. குறைந்தது 80 கிலோ. 80 ÷ 1,600 என்பது 5%. குலையின் எடையை வைத்துப் பார்த்தால் 1 விழுக்காட்டுப் புள்ளி இறங்கியது. கிடைத்துக்கொண்டிருந்த எண்ணெயை வைத்துப் பார்த்தால் 5% போனது. இரண்டு கூற்றும் சரி, எதை வைத்துச் சொல்கிறோம் என்பது கூடவே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மாலை வகுப்பு, சுங்கை சிப்புட்:

நன்றி டீச்சர், நன்றி அண்ணே. 24 வெள்ளித் தாளை இந்த வாரமே கொடுக்கிறோம். இதே வகையில் ஒரு சந்தேகம். செம்பனை உர மூட்டையில் 12:12:17:2 என்று அச்சடித்திருக்கிறது. ஒரு பையன் நான்கையும் கூட்டி 43 பங்கு என்று வைத்து, 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 14 கிலோ என்று கணக்குப் போட்டான். விகிதம் போலத்தானே எழுதியிருக்கிறது? முறை சரியாக இருப்பதால் அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உரமும் மருந்தும், தெலுக் இந்தான்:

நல்ல பையன், கணக்கில் பிசகில்லை. ஆனால் மூட்டையில் இருப்பது பங்குக் கணக்கு இல்லை. அந்த நான்கு எண்களும் மூட்டை எடையில் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கின்றன: தழைச்சத்து 12%, மணிச்சத்து 12%, சாம்பல்சத்து 17%, மக்னீசியம் 2%. நடுவில் இரண்டு புள்ளி போட்டு எழுதுவது உர வியாபாரத்தின் வழக்கம்.

50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 6 கிலோ, மணிச்சத்து 6 கிலோ, சாம்பல்சத்து 8.5 கிலோ, மக்னீசியம் 1 கிலோ. மொத்தம் 21.5 கிலோ, அதாவது 43%. மீதி 28.5 கிலோ எங்கே போனது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சத்துகள் தனியாக மூட்டையில் இருப்பதில்லை. வேறு தனிமங்களோடு சேர்ந்த உப்புகளாகத்தான் இருக்கும். அந்த உப்புகளின் மற்றப் பகுதியும், உரத்தை மணியாக்கச் சேர்க்கும் பொருள்களும் சேர்ந்ததுதான் அந்த மீதி. அதிலும் மணிச்சத்தைப் பாஸ்பரஸ் பெண்டாக்சைடாகவும், சாம்பல்சத்தைப் பொட்டாசியம் ஆக்சைடாகவும், மக்னீசியத்தை மக்னீசியம் ஆக்சைடாகவும் கணக்கிட்டுத்தான் அச்சடிக்கிறார்கள்.

பையனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: நான்கு எண்களுக்குள் விகிதம் உண்மையாகவே இருக்கிறது. இந்த மூட்டையில் தழைச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் உள்ள விகிதம் 12:17, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான்கையும் கூட்டினால் மூட்டை முழுவதும் வராது. முழுவதும் 100, கூட்டினால் வருவது 43. அவன் 21.5 கிலோவைப் பிரிக்க வேண்டிய விகிதத்தில் 50 கிலோவைப் பிரித்துவிட்டான். 21.5-ஐ 43-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், அவன் முறையிலேயே 6 கிலோ வரும். விகிதத்தில் பிரிப்பதற்கு முன்னால், பங்குகள் எல்லாம் சேர்ந்தால் நான் பிரிக்கும் பொருள் முழுவதும் ஆகுமா என்று கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது கடினம்.

ஒரு மரத்துக்கு இந்த உரம் 2 கிலோ போட்டால் தழைச்சத்து எவ்வளவு? 2,000 கிராமில் 12%, 240 கிராம். சாம்பல்சத்து 340 கிராம்.

மருந்துக் கலவையிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, 1-க்கு 4 என்பதும் 4-இல் 1 என்பதும் ஒன்றில்லை. 1 பங்கு மருந்தும் 4 பங்கு தண்ணீரும் கலந்தால் மருந்து 20%. கலவையில் 4-இல் 1 பங்கு மருந்து என்றால் 25%. எண் பெரிதாகும்போது இந்த வித்தியாசம் சுருங்கிவிடும்: 16 லிட்டர் பம்பில் 1:100 என்று கலந்தால் 158 மில்லி, 100-இல் 1 என்று கலந்தால் 160 மில்லி. அதனால் தெளிப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. தேர்வில் சின்ன எண்தான் வரும், அங்கே விடையே மாறிவிடும்.

இரண்டாவது, 1-க்குக் கீழே உள்ள விழுக்காடு. 16 லிட்டரில் 0.5% எவ்வளவு என்றால், 16 × 0.5 என்று போட்டு 8 லிட்டர் என்பார்கள். பாதிப் பம்பு மருந்து! 0.5% என்பது 100-இல் அரை, 0.005. 16,000 மில்லியில் 1% 160 மில்லி; அதில் பாதி 80 மில்லி. முதலில் 1% கண்டுபிடித்து அங்கிருந்து போகச் சொன்னால் புள்ளி இடம் மாறாது. நிஜமாக மருந்து கலக்கும்போது போத்தலில் எழுதியிருக்கும் அளவுதான் பேச்சு. இது வகுப்புக் கணக்கு மட்டும்.

கணித ஆசிரியை, ஈப்போ:

உர மூட்டைக் கணக்கை என் வகுப்புக்கும் எடுத்துக்கொள்கிறேன். தேர்வுப் பக்கம் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கேள்வி மலாயில் வருவதால், ‘ஜும்லா’ என்று இருந்தால் மொத்தம், ‘பேசா’ அல்லது ‘லெபே டாரிபாடா’ என்று இருந்தால் வித்தியாசம், ‘பாக்கி’ என்றால் மிச்சம். பிள்ளைகள் அந்தச் சொல்லை வட்டமிட்ட பிறகே கட்டம் வரையட்டும். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு; ‘2 கட்டம் = 24, 1 கட்டம் = 12’ என்ற வரிகளை மனக்கணக்காக விழுங்கிவிடாமல் எழுதவையுங்கள்.

இரண்டு விகிதத்தைச் சேர்க்கும் கேள்வியில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் 2:3, இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் 4:5 என்று கொடுத்தால் சிலர் 2:3:5 என்று எழுதுவார்கள். இரண்டு விகிதத்திலும் வருபவர் இரண்டாம் ஆள் மட்டும்தான். அவருக்கு ஒரு இடத்தில் 3, இன்னொரு இடத்தில் 4. இரண்டையும் 12 ஆக்கினால் 8:12-உம் 12:15-உம் வரும். ஆகவே 8:12:15.

விகிதம் மாறும் கேள்விகள்தான் உயர்நிலைச் சிந்தனைப் பகுதியில் அதிகம் தொல்லை கொடுக்கும். அங்கே கேட்க வேண்டியது, எது மாறவில்லை என்பது. மூன்று வகை வரும்.

ஒரு பக்கம் மாறாதது: ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் 3:2. பெண்கள் 5 பேர் புதிதாகச் சேர்ந்ததும் 4:3. ஆண்கள் எண்ணிக்கை மாறவில்லை, ஆகவே இரண்டு விகிதத்திலும் ஆண்களை 12 ஆக்குங்கள்: 12:8, 12:9. பெண்கள் பக்கம் கூடிய 1 கட்டம் 5 பேர். ஆண்கள் 60, பெண்கள் 40 ஆக இருந்து 45 ஆனது.

மொத்தம் மாறாதது: அக்காவுக்கும் தம்பிக்கும் 5:3. அக்கா 8 வெள்ளி தம்பிக்குக் கொடுத்ததும் இருவருக்கும் சமம். மொத்தம் 8 கட்டம்தான், 5:3 இப்போது 4:4. நகர்ந்தது 1 கட்டம், அது 8 வெள்ளி. முன்பு 40, 24. இப்போது 32, 32. பிள்ளைகள் வித்தியாசமான 2 கட்டத்தை 8 என்று வைத்துவிடுவார்கள். கொடுத்தவரிடம் குறைவதும் வாங்கியவரிடம் கூடுவதும் ஒரே நேரத்தில் நடப்பதைப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

வித்தியாசம் மாறாதது: வயதுக் கணக்கு. இப்போது அம்மாவுக்கும் மகளுக்கும் 7:1, 8 ஆண்டு கழித்து 3:1. வித்தியாசம் முதலில் 6 கட்டம், பிறகு 2 கட்டம். வயது வித்தியாசம் மாறாது, ஆகவே 3:1-ஐ 9:3 ஆக்கினால் இரண்டிலும் 6. மகள் 1-லிருந்து 3 ஆகிறாள். 2 கட்டம் 8 ஆண்டு, 1 கட்டம் 4. அம்மாவுக்கு 28, மகளுக்கு 4.

மூன்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். முதல் வகை கைவந்த பிறகு அடுத்தது.

மாலை வகுப்பு, சுங்கை சிப்புட்:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன் டீச்சர். 24 வெள்ளித் தாளில் நான்காவது கேள்விக்கு 4 வெள்ளி 80 காசு வருகிறது. தசமத்தில் பலவீனமான பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வேறு எண் போடலாமா?

கணித ஆசிரியை, ஈப்போ:

தாராளமாக. அவர்களுக்கு 3:5-ஐ அப்படியே வைத்து, 24-க்குப் பதிலாக 120 போடுங்கள். 8, 2, 3, 5 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும்: மொத்தம் 120 என்றால் 1 கட்டம் 15, வித்தியாசம் என்றால் 60, அண்ணனுக்கு என்றால் 40, தங்கைக்கு என்றால் 24. நான்கும் முழு எண். படம் சரியாக வரத் தொடங்கியதும் 24-க்குத் திரும்புங்கள். வகுத்தால் மீதி வருகிறதே என்று பயந்து கட்டத்தை மாற்றி வரையும் பிள்ளை யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.